பட்டாளத்துப் பாதி

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களாகியும், எங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் மட்டும் கிளம்புகிற வழியாக இல்லை. பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி, எங்கள் கருங்காட்டுத் தோட்டத்து மேல்மலையைத் தாண்டி ஏறினால் அந்தக் கேம்ப் வரும். திருகோணமலை வெயிலில் வெந்துபோன சிப்பாய்களைக் கொஞ்ச நாள் குளிரில் இருக்கட்டும் என்று இங்கே அனுப்பிவைப்பார்கள். அவர்கள் பந்து விளையாடுவார்கள், சளி பிடித்துப் படுத்துக்கொள்வார்கள். காட்டுப்பன்றியையும் அட்டையையும் தவிர அவர்களுக்கு வேறு எதிரி கிடையாது. இதற்கு ஒரு கேப்டன், நாலைந்து சமையல்காரர், டோபி, தச்சன், மருந்துக்காரர், விடிந்ததும் கொம்பூதி எழுப்ப ஓர் ஆள். லண்டனில் உட்கார்ந்து செலவைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். செலவைக் குறை என்று உத்தரவு வந்தது.

கேப்டன் முதலில் ஆட்களைக் குறைத்தார். இருநூறு பேர் இருந்த இடத்தில் முப்பது பேர் மிஞ்சினார்கள். அது போதாது என்று மறுபடி உத்தரவு வந்தபோது, அவர் எங்கள் தோட்டத்துத் துரையிடம் வந்து பங்கு பேசினார். எங்கள் துரையும் லேசுப்பட்ட ஆளில்லை, எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். இரண்டு பேரும் கிளப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பாகம் பிரித்தார்கள். பாதைக்குக் கல் போடுவது ஆளுக்குப் பாதி. தண்ணீர்க் குழாய் ஆளுக்குப் பாதி. மருந்துக்காரர் காலையில் கேம்பில் இருப்பார், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக்கு வருவார். அதனால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் காய்ச்சல்கூட மத்தியானம் பார்த்து வரப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக மிஞ்சியது கொம்பூதுகிறவன். அவனை என்ன செய்வது என்று யோசித்தபோது கேப்டனுக்கு ஒரு ஞானோதயம் வந்தது. தினமும் விடியுமுன்னே தோட்டத்துப் பெரட்டுத் தப்பு அடிக்கிறது. ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லி அடிக்கிற பறை அது. அந்தச் சத்தத்தில் மலை முழுக்க விழித்துக்கொள்கிறது, சிப்பாய்கள் உட்பட. ஏற்கெனவே விழித்துக் கிடப்பவனை எழுப்ப மகாராணியார் ஏன் இன்னொருத்தனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். கொம்பூதுகிறவன் கப்பலேறினான். தப்படிக்கிற அழகனுக்கு ஒரு நாள் பேரில், அதாவது நாட்கூலியில், பாதியைத் தோட்டமும் பாதியைப் பட்டாளமும் கொடுப்பதாக முடிவாயிற்று.

இந்த அழகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் அவன் மகன் முத்துலிங்கமும் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பிராவில், கோடி அறையில், இருந்தார்கள். முத்துலிங்கம் என்னோடு தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவன். அழகனின் அப்பா தப்படித்தார், அப்பாவின் அப்பா கப்பலில் வரும்போதே தப்போடுதான் வந்தாராம். விடிகாலைப் பெரட்டுக்கு அடிப்பதை அழகன் ஒரு வேலையாகத்தான் நினைத்தான். அதில் அவனுக்கு மனக்குறை இல்லை. சாவுக்கு அடிப்பதுதான் அவனைத் தின்றது. அது வேலை இல்லை, சாதி. லயத்தில் யார் செத்தாலும் ஆள் வரும், உடனே போக வேண்டும். வீட்டுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். கொடுக்கிற கஞ்சியைத் தனியே வைத்திருக்கிற சிரட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும். பாடைக்கு முன்னால் அடித்துக்கொண்டே மயானம் வரைக்கும் போய், முடிந்ததும் யார் மேலும் படாமல் ஒதுங்கித் திரும்பி வர வேண்டும். அவன் மனைவி மீனம்மா செத்த அன்றைக்கும் அவனேதான் அடித்தான். அடிக்க வேறு ஆளில்லை. அன்றைக்குச் சுடலையிலிருந்து திரும்பி வந்து, இது என் கையோடு முடியணும், என் மகன் கைக்குப் போகக் கூடாது என்று எங்களிடம் சொன்னான். சொன்னானே தவிர, எப்படி முடியும் என்று அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

பங்கு முடிவான மறுநாள், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு செல்லசாமி ஐயா பெரட்டுக்களத்தில் அவனைக் கூப்பிட்டுப் புதிய ஏற்பாட்டைச் சொன்னார். காற்றடிக்கிற நாளில் பழைய தப்பின் சத்தம் கேம்ப் மேட்டுக்கு ஒழுங்காக எட்டவில்லையாம். புதிதாகப் பெரிய தப்பு ஒன்று செய்கிறார்கள். மரச் சட்டம் பட்டாளத்துச் செலவு, தோல் தோட்டத்துச் செலவு.

"இன்னொரு விஷயம். நல்லாக் கேட்டுக்க" என்றார் கண்டாக்கையா. "கொம்பு இல்லாததுனால, இனி அவங்களுக்கு ஆபத்துன்னா தப்புச் சத்தந்தான் அடையாளம். வெடியப்பொறம் அடிக்கிறதத் தவிர வேற எந்த நேரத்துல தப்புச் சத்தம் கேட்டாலும் துவக்கு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துருவாங்க. அதனால காலையிலயோட நிறுத்திக்கணும். தொரை உத்தரவு."

அழகன் மெதுவாகக் கேட்டான்.

"சாவுக்கும் அடிக்கக் கூடாதுங்களா ஐயா?"

"கூடாது."

"யாரு செத்தாலும்?"

"யாரு செத்தாலுந்தான். உனக்கு வருத்தமா இருக்கும், நான் என்ன செய்யட்டும்" என்று கண்டாக்கையா அவன் தோளைத் தொடாமல் ஆறுதல் சொன்னார்.

அழகன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற எனக்கு அவன் முகம் தெரிந்தது. அந்த மனிதன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புதிய தப்பு வந்தது. கேம்ப் தச்சன் பலா மரத்தில் சட்டம் கடைந்து, பட்டாளத்துச் சாமான்களிலெல்லாம் இருக்கிற காக்காய்க்கால் மாதிரி அம்புக்குறியை அதில் சுட்டு வைத்திருந்தான். அந்தக் குறி உள்ளது மகாராணியாரின் சொத்து என்று அர்த்தம். தோலை வலப்பனையிலிருந்து வாங்கிவந்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி அழகனே ஒட்டினான். பனிக்குத் தோல் தொய்ந்துபோகும், நெருப்பில் காட்டிக் காட்டித்தான் அடிக்க வேண்டும். அந்த விறகில்கூடப் பாதி கேம்பிலிருந்து வந்தது. சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் அடித்தபோது லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. மேலே முப்பது சிப்பாய்களும், கீழே நானூறு தொழிலாளிகளும் ஒரே அடியில் எழுந்து, ஒரே நேரத்தில் அழகனைத் திட்டினோம். அதில் மட்டும் பங்கு இல்லை, எல்லாருக்கும் முழுதாகக் கிடைத்தது.

அதன் பிறகு இரண்டு மூன்று சாவு விழுந்தது. ஆள் வந்து கூப்பிட்டபோது அழகன் துரை உத்தரவைச் சொன்னான். முணுமுணுத்தார்கள், பிறகு சங்கும் சேகண்டியும் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அழகன் சாவு வீட்டுப் பக்கமே போகவில்லை. போனால் பழக்க தோஷத்தில் யாராவது கையைக் காட்டி அடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மகனையும் போகவிடவில்லை. சொந்தக்காரச் சாவுக்குக்கூடக் காம்பிராவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

பெரிய கங்காணி வீரய்யாவின் தாயார் காளியாயி செத்தபோதுதான் விஷயம் முற்றியது. வீரய்யாவின் பாட்டனார்தான் எங்கள் முன்னோரில் பாதிப் பேரைக் கூட்டிவந்தவர் என்பதால் தோட்டத்தில் துரைக்கு அடுத்த துரை அவர்தான். அவர் வீட்டுக் கிழவி தப்பில்லாமல் போவதா? அழகனை வாசலுக்கு வரவழைத்தார்.

"எடுத்துக்கிட்டு வா."

"தொரை உத்தரவு இல்லீங்க."

"எங்க வீட்டுச் சாவுக்குத் தொரை என்னடா உத்தரவு?"

"பாதிதாங்க தொரையோடது. பாதி பட்டாளத்தோடது. துவக்கத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க."

வீரய்யா அவனை விட்டுவிட்டுத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தப்புக்காரர்களை லாரி வைத்துக் கொண்டுவந்தார். அவர்களுக்கு உத்தரவும் தெரியாது ஒன்றும் தெரியாது. பாடையைத் தூக்கும் நேரத்தில் வெளுத்து வாங்கினார்கள். அது கேம்பில் கேட்டது. பாதி சவரம் செய்த முகத்தோடும், ஒற்றைச் சப்பாத்தோடும், துப்பாக்கியோடும் சிப்பாய்கள் தேயிலைச் செடிக்குள் விழுந்தடித்து இறங்கி வந்தார்கள். லாரியில் கேப்டன் வந்தார். தோட்டத்தில் கலவரம் என்று நினைத்து வந்தவர், பாடையில் பூவுக்கு நடுவே படுத்திருந்த கிழவியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சிப்பாய்களும் கழற்றினார்கள். இரண்டு வரிசையாக நிற்கச் சொன்னார். காளியாயி ஆச்சி, ஆயுள் முழுக்கக் கொழுந்துக்கூடைக்காரிகளை மேய்த்தவள், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு நடுவே ஊர்வலம் போனாள்.

வீரய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவுக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த மாதம் கேப்டனிடமிருந்து ஒரு தாக்கல் வந்தது. லாரிக்குப் போட்ட எண்ணெய், ஓடையில் விழுந்த துப்பாக்கி, கணுக்கால் சுளுக்கிய சிப்பாய்க்கு வைத்தியம், இதெல்லாம் தோட்டத்தால் வந்த செலவு, ஒப்பந்தப்படி தோட்டம் பாதி தர வேண்டும் என்று. துரை அதைப் பார்த்துவிட்டு, பாதியை வீரய்யா தலையில் முழுசாகக் கட்டினார். மரியாதையைப் பற்றிய பேச்சு அதோடு கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் பெரட்டுக்களத்தில், எல்லாரும் நிற்கும்போது, வீரய்யா அழகனிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"கேம்ப்பு ஆயுசுக்கும் இங்க இருக்காது அழகா. அவன் போற அன்னிக்கு இதே தப்ப நான் வாங்கி உன் மகன் கையில குடுக்கிறேன். மொத அடி எங்க வீட்டு வாசல்லதான்."

ஸ்டோரில் அன்றைக்கு முத்துலிங்கம் கொழுந்தைப் பரப்பாமல் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது அவனுக்கு. தப்புக் குச்சியை அவன் பிடித்ததே இல்லை, அப்பா தொடவிட்டதில்லை. "எங்கப்பா பட்டாளம் போகக் கூடாதுன்னு தெனமும் சாமி கும்புடுறாரு" என்றான். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று நாடே கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், போகக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே தமிழன் எங்கள் லயத்தில்தான் இருந்திருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ஐம்பத்தேழில் பட்டாளம் போவதாக முடிவாயிற்று. வீரய்யா சொன்னது நடக்கப்போகிறது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. இதில் துரை வேறு தன் பங்குக்கு ஒன்று செய்தார். பட்டாளத்துப் பாதி நின்றுபோனால் அழகனுக்கு முழுப் பேரும் தான் அல்லவா கொடுக்க வேண்டும்? அதைவிட ஸ்டோரில் ஒரு சங்கு பொருத்திவிட்டால் எஞ்சின் நீராவியே ஊதிவிடும் என்று கண்டுபிடித்தார். சங்கு வந்து இறங்கியது. அதோடு பெரட்டு வேலையும் அழகன் கையை விட்டுப் போயிற்று. இனி அந்தத் தப்புக்குச் சாவைத் தவிர வேறு வேலை இல்லை.

கேம்பைக் காலி செய்கிற நாளில் அழகன் தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனான். முத்துலிங்கமும் நானும் பின்னால் போனோம். அவன் திட்டம் ரொம்பச் சாதாரணம். காக்காய்க்கால் போட்ட சாமானெல்லாம் கப்பலேறப் போகிறது, அதோடு இதையும் ஏற்றிவிட்டால் ஒழிந்தது. ஆனால் போய்ப் பார்த்தால், மைதானத்தில் கட்டில், மேசை, கோப்பை, சட்டி எல்லாம் வரிசையாகப் பரப்பி ஏலம் நடந்துகொண்டிருந்தது. கப்பலில் ஏற்றுகிற செலவைக் குறைக்க வேண்டும், எதையும் கொண்டுவராதே, அங்கேயே விற்றுவிடு என்று லண்டன் உத்தரவாம். கட்டில் பார்க்க எங்கள் துரை வந்திருந்தார். பழைய சாமான் எடுக்க மீராசாஹிப் கடை மஃறூப் வந்திருந்தார். முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு வீரய்யா நின்றிருந்தார். வேறெதையும் அவர் பார்க்கவில்லை. அழகன் கையிலிருந்த துணிமூட்டையைத்தான் பார்த்தார்.

ஏலம் கூறியவன் தப்பை வாங்கி அம்புக்குறியைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். வீரய்யா உடனே ஒரு விலை கேட்டார். எதிர்த்துக் கேட்க யாருமில்லை. அழகன் கும்பலைத் தள்ளிக்கொண்டு கேப்டன் முன்னால் போய் நின்றான். அவனுக்கு இங்கிலீசு தெரியாது. துரையோடு வந்திருந்த கண்டாக்கு செல்லசாமி ஐயாவைப் பார்த்துப் பேசினான்.

"ஐயா, சட்டந்தாங்க பட்டாளத்தோடது. தோலு தோட்டத்தோடது. தோட்டத்துத் தோல அவங்க எப்படிங்க விக்கலாம்?"

கண்டாக்கையா சொல்லத் தயங்கினார். பிறகு ஏனோ சொல்லிவிட்டார். கேப்டன் நெற்றியைச் சுருக்கினார். மூன்று வருடமாகச் சல்லிக்காசு பிசகாமல் பங்கு பிரித்த மனிதர், கடைசி நாளில் அடுத்தவன் தோலை விற்றுவிட்டுப் போவதா? துரையைப் பார்த்தார்.

"ரெண்டுக்குஞ் சேத்து நானே குடுக்கிறேன்" என்றார் வீரய்யா.

அதுவும் மொழிபெயர்க்கப்பட்டது. கேப்டன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். சேர்த்துக் கொடுத்தால் அதில் சட்டத்துக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? கொழும்புக்கு எழுதிக் கேட்க வேண்டும். நாளைக்கு ரயில். எழுதி எழுதி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"ஒரு மாட்டுத் தோலுக்காக என்னை நிறுத்திவைக்காதீர்கள்" என்று துரை கட்டிலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னதாகக் கண்டாக்கையா பிற்பாடு சொன்னார். "அறுத்தெடுத்துவிட்டு மரத்தை விற்றுக்கொள்ளுங்கள்."

சமையல்கட்டிலிருந்து கத்தி வந்தது. யார் அறுப்பது என்று பார்த்தார்கள். தப்பைத் தொட அங்கே யாரும் முன்வரவில்லை, சாதி அப்போதும் உதவிக்கு வந்தது. அழகன்தான் கத்தியை வாங்கினான். தரையில் குந்தி, தப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாகக் கத்தியை இறக்கினான். அவனே காய்ச்சி ஒட்டிய பசை, லேசில் விடவில்லை. பாதி வட்டம் வந்ததும் நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் தோலை ஒரு தடவை தடவினான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் விழுந்தது. அதை ஒழிக்கத்தான் வந்தான், ஆனாலும் அவன் கை பட்ட தப்புகளிலேயே நன்றாகப் பேசியது அதுதான். பிறகு மிச்சத்தையும் அறுத்தான்.

வெறும் மர வளையத்தை வீரய்யா கேட்கவில்லை. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மஃறூப் அதை எடுத்து, கம்பி வலை அடித்து, கடையில் அரிசிக்குச் சல்லடையாக வைத்துக்கொண்டார். தோல் துரையின் பங்களா நாய்க்குப் படுக்கையாயிற்று என்று கேள்வி.

வீரய்யா நினைத்திருந்தால் இன்னொரு தப்பு செய்திருக்கலாம். ஆனால் செய்து யாரிடம் கொடுப்பது? அழகன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்விட்டான், வெள்ளைக்காரன் முன்னால் அறுத்த பிறகு எந்தத் தப்பையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். முத்துலிங்கத்துக்குத் தெரிந்தால்தானே அடிக்க. ஆனால் துரை விடவில்லை. தப்புக்காரன் மகன்தானே, நேரத்துக்கு எழுந்திருக்கிற வீடு என்று, ஸ்டோர்ச் சங்கை ஊதுகிற வேலையை அவனிடமே கொடுத்தார். லீவரை இழுத்தால் போதும். அழகனுக்கு அது கொஞ்ச நாள் உறுத்தலாகத்தான் இருந்தது.

அறுபத்து மூன்றில் வீரய்யா செத்தார். அவர் மூத்த மகன் சண்முகம் ஸ்டோருக்கு வந்தான், நான் அப்போது அங்கேதான் இருந்தேன். முத்துலிங்கத்திடம் வந்து நின்றான்.

"அப்பாவத் தூக்குற நேரத்துக்குச் சங்க ஊது. தப்புத்தான் இல்லாமப் போச்சு, இதாவது கேக்கட்டும்."

முத்துலிங்கம் லீவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமல் சொன்னான்.

"தொரை உத்தரவு இல்லீங்க."

சண்முகம் வந்த வழியே திரும்பிப் போனான். மத்தியானம் சாப்பாட்டுக்கு லயத்துக்குப் போனபோது அழகன் கேட்டான்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உத்தரவு இல்லேன்னேன்."

அழகன் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டினான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஒரு சாவுக்குப் போகக் கிளம்பினான். மகனையும் வரச் சொன்னான்.

பாடைக்கு முன்னால் அவன் போகவில்லை. எங்களோடு, கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தான். மயானத்தில் குழிக்கு எல்லாரும் மண் தள்ளினபோது, யாரும் கூப்பிடாமலே அவனும் முன்னே வந்தான். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகம் முன்னே ஓர் அடி வைத்து, பிறகு சற்று ஒதுங்கி நின்றான். அழகன் குனிந்து, வீரய்யாவுக்கு மூன்று பிடி மண் போட்டான். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மகன் முத்துலிங்கத்துக்கு வழிவிட்டு நின்றான்.